கொத்தனாருக்கு டீ யார் போட்டது?

திட்டம் போடுவது பற்றி சேத்தியாத்தோப்புக்காரனுக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து பாடம் எடுக்கத் தேவையில்லை. விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் வரை 165 கிலோமீட்டர் நான்குவழிச் சாலையை மூன்று பேக்கேஜாகப் பிரித்தார்களே, அதில் முதல் பேக்கேஜ் முடிகிற இடமும் இரண்டாம் பேக்கேஜ் ஆரம்பிக்கிற இடமும் எங்கள் ஊர்தான். ஒரு தாமதம் முடிந்து மறு தாமதம் தொடங்குகிற சந்தியில் குடியிருப்பவனுக்குச் சில ஞானங்கள் தானாகவே வந்துவிடும். எங்களுக்கு முந்தின தலைமுறை, வீராணம் தண்ணீரைச் சென்னைக்குக் கொண்டுபோகச் செய்த ராட்சதக் குழாய்கள் 1970களில் சாலையோரம் வருஷக்கணக்கில் படுத்துக் கிடந்ததைப் பார்த்தது. எங்கள் தலைமுறையில் புதிய வீராணம் திட்டம் வந்து, எங்கள் ஊரில் தண்ணீரை இறைத்து, வடக்குத்தில் சுத்திகரித்து, இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடவிட்டு, 2004-இல் சென்னைக்குக் கொடுத்தே விட்டார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் கணக்கு. படுத்த திட்டம், எழுந்த திட்டம் இரண்டையும் டீக்கடை பெஞ்சிலிருந்தே பார்த்து முடித்த ஊர் இது.

இந்தப் பின்னணியோடுதான் எங்கள் வீட்டுக் குளியலறையை நான் கையில் எடுத்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. வெஸ்டர்ன் டாய்லெட் வைக்க வேண்டும், வழுக்காத டைல்ஸ் போட வேண்டும், சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, ஒரு வாஷ்பேசின், ஹீட்டருக்குத் தனி லைன். மற்றவர்களாக இருந்தால் மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சொல்லி, முன்பணம் கொடுத்துவிட்டுப் பிள்ளையாரிடம் பொறுப்பை ஒப்படைத்திருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. ஓய்வு பெறுவதற்கு முன் அலுவலகத்தில் என்னைத் திட்ட மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். முந்திரி பக்கோடாவும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலும் கொடுத்தார்கள். பக்கோடா அன்றே தீர்ந்தது. ஃபைல் மட்டும் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், தன் காலம் வரட்டும் என்று காத்திருந்தது.

ஃபைலில் இருந்த ஆயுதங்களில் முதன்மையானது கேன்ட் சார்ட். ஹென்றி கேன்ட் என்ற அமெரிக்க என்ஜினீயர் 1910களில் பரப்பியது. இடது பக்கம் வேலைகள், மேலே தேதிகள், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பட்டை. உண்மையில் அவருக்கும் முன்னால், 1896-லேயே, கரோல் அடாமியெக்கி என்ற போலந்துக்காரர் இந்த மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டார். ஆனால் போலிஷிலும் ரஷ்யனிலும் எழுதியதால் உலகம் கவனிக்கவில்லை. (நான் வீட்டில் சொல்லும் யோசனைகளுக்கும் இதே கதிதான். இத்தனைக்கும் நான் தமிழில்தான் சொல்கிறேன்.)

இடிப்புக்குச் சிவப்பு, குழாய்க்கு நீலம், டைல்ஸுக்குப் பச்சை என்று எக்செல்லில் பட்டை பட்டையாக இழுத்தேன். குறுக்கு ரோட்டு ஜெராக்ஸ் கடையில் பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, ஹால் சுவரில், மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அம்மா வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இதுல ராகு காலம் எங்கடா?”

“இது பஞ்சாங்கம் இல்லம்மா. திட்டம்.”

“இடிக்கிறதுக்கு அஷ்டமிலயா நாள் வச்சிருக்க?”

அடுத்த நாள் மேஸ்திரியும் அதையே கேட்டார். பட்டைகள் எல்லாம் வலது பக்கம் நகர்ந்தன. பயிற்சியில் ‘ஆபத்துப் பதிவேடு’ என்று ஒன்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மழை, சிமெண்ட் விலை ஏற்றம் என்று இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன் கீழே அஷ்டமி, நவமி, கரிநாள், மேஸ்திரியின் மச்சான் வீட்டுக் காதுகுத்து ஆகியவை இடம்பிடித்தன.

ஆனாலும் என் பெருமைக்குரிய படைப்பு நெருக்கடிப் பாதைதான். டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனி 1957 வாக்கில் தன் ஆலைகளுக்காக உருவாக்கிய முறை. மறு வருஷமே அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைக்காக இதற்கு ஒரு சகோதர முறையைக் கொண்டுவந்தது. விஷயம் எளிது. எந்த வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தத் திட்டமும் ஒரு நாள் தள்ளுமோ, அந்த வேலைகளின் சங்கிலிதான் நெருக்கடிப் பாதை. மற்றவை கொஞ்சம் முன்னே பின்னே போனால் குடிமுழுகாது. இடிப்பு, குழாய், பூச்சு, வாட்டர் ப்ரூஃப், டைல்ஸ், கடைசியில் பீங்கான் என்று சிவப்பு மையில் சங்கிலி போட்டு, கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

பீங்கான் கொள்முதலை நானே எடுத்துக்கொண்டேன். விருத்தாசலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் குடியிருந்துகொண்டு பீங்கானை வேறு எங்கே போய்ப் பார்ப்பது? ஃப்யூஸ் கேரியர், பொம்மை, அகல் விளக்கு என்று களிமண்ணைச் சுட்டே பிழைக்கிற தொழிற்பேட்டை அங்கே இருக்கிறது; பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுக் கல்லூரியும் இருக்கிறது. என் மனைவி இந்தப் பயணங்களுக்குக் காட்டிய ஆதரவை நன்றியோடு சொல்ல வேண்டும். “அவசரமே இல்லங்க. நல்லா தட்டிப் பாத்து வாங்குங்க. அப்படியே பழமலைநாதர் கோயிலுக்கும் போயிட்டு வாங்க” என்று பஸ் ஏற்றிவிடுவாள். நான் சாயங்காலம் திரும்பி வரும்போது வேலை தாவி முன்னேறியிருக்கும். குழாய் சுவருக்குள் போயிருக்கும், பூச்சு முடிந்திருக்கும். முன்கூட்டியே திட்டமிட்டால் முதலாளி இல்லாமலே வேலை நடக்கும் என்று ஃபைலின் மூன்றாம் பக்கத்தில் போட்டிருந்தது எவ்வளவு உண்மை என்று வியந்துகொள்வேன்.

பிறகு ஒரு நாள், அவள் தங்கை வீட்டு விசேஷத்துக்காகப் புவனகிரி போனாள். களத்தில் நான் மட்டும், சார்ட்டோடு.

காலை பதினோரு மணிக்குக் கொத்தனார் கரணையைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “அக்கா இல்லைங்களா சார்?” இல்லை என்றேன். அவர் பிளம்பரைப் பார்த்தார், பிளம்பர் சித்தாளைப் பார்த்தார். பிறகு பிளம்பர் கேட்டார்: “கம்பி எந்த உயரத்துல வைக்கணும்னு அக்கா சொல்றேன்னாங்க. பெரியம்மா கைக்கு எட்டணுமே.” என் சார்ட்டில் கம்பிக்கு ஊதாப் பட்டை உண்டு, உயரம் இல்லை. மோட்டார் சுவிட்சை எத்தனை நிமிஷத்தில் அணைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாததால் மேல்தொட்டி வழிந்து, கலந்து வைத்திருந்த சிமெண்டில் விழுந்தது. நேற்றுப் பூசின சுவருக்குத் தண்ணீர் அடித்தாயிற்றா என்று மேஸ்திரி போனில் கேட்டார். சுவருக்குத் தண்ணீர் அடிப்பார்கள் என்பதே எனக்குச் செய்தி. அம்மா, தன்னைப் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு யார் கைப்பிடித்துக் கூட்டிப்போவது என்று நியாயமாக விசாரித்தார். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, “நாளைக்கு வரோம் சார்” என்று எல்லோரும் சட்டையை மாட்டிக்கொண்டார்கள். திட்டம் ஒரு நாள் தள்ளியது.

எங்கள் மகள் சிதம்பரத்தில் புள்ளியியல் எம்.எஸ்சி. படிக்கிறாள். அன்று மாலை சார்ட்டுக்கு முன் நின்றுகொண்டு அமைதியாகச் சொன்னாள்: “ஒரு நாள் நின்னா மொத்தமும் ஒரு நாள் தள்ளுதுன்னா, அதுதானேப்பா நெருக்கடிப் பாதை? அப்ப டீ இதுல எங்க?”

டீக்குப் பட்டை கிடையாது என்று விளக்கினேன். அது வேலை இல்லை, வேலைக்கு நடுவில் நடப்பது.

“இந்தியாவும் ரொம்ப நாளா இப்படித்தான்பா சொல்லிக்கிட்டு இருந்தது” என்றாள். சொன்னதோடு நில்லாமல் ஒரு கட்டுத் தாளை எடுத்து வந்தாள்.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019-இல் நாடு முழுக்க நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் படிவ மாதிரி அது. முந்தின நாள் விடியற்காலை நாலு மணியிலிருந்து மறுநாள் நாலு மணி வரை, அரை மணிக்கு ஒரு கட்டமாக நாற்பத்தெட்டுக் கட்டம். ஆறு வயது நிரம்பிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தார்கள் என்று கேட்டு, மூன்று இலக்க எண் போட வேண்டும். வேலைக்குப் போவது முதல் தூங்குவது வரை மனித வாழ்க்கையை ஒன்பது பெரும்பிரிவாக ஐக்கிய நாடுகள் சபை வகுத்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. 1998-99-இல் ஆறு மாநிலங்களில் முதன்முதலாக முன்னோட்டம் பார்த்தபோதே நாமும் அதில் இருந்தோம். அதற்கும் முன்னால் 1970களில் தேவகி ஜெயின் என்ற பொருளாதார அறிஞர் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் பெண்கள் பொழுது விடிந்து பொழுது போகும்வரை என்ன செய்கிறார்கள் என்று கூடவே இருந்து கணக்கெடுத்தார். 

கணக்கெடுப்பவர் வந்து, “உங்க வீட்டம்மா என்ன பண்றாங்க?” என்று கேட்டால், “வீட்ல சும்மாதான் இருக்காங்க” என்று திண்ணையிலிருந்தே பதில் சொல்லும் கணவன்மார்களிடமிருந்து தேசத்தின் புள்ளிவிவரத்தைக் காப்பாற்ற இவ்வளவு பாடு. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலை செய்தீர்களா என்ற கேள்வியோடு, சொந்த நிலத்திலோ குடும்பத் தொழிலிலோ கூலியில்லாமல் செய்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று ஒரு வாசகத்தை ஒட்ட வேண்டிவந்தது. வீட்டு வேலை மட்டும் செய்பவர்களுக்கு மாதிரிக் கணக்கெடுப்பில் 92 என்று ஓர் எண் உண்டு. தொழிலாளர் படை என்ற கணக்கில் அந்த எண் சேராது.

வேலை மறுபடி தொடங்கியதும் மகள் முதலில் சித்தாளைப் பிடித்தாள். மணல் சட்டியை இறக்கிவைத்துவிட்டு அந்தம்மா படிவத்தின் தலைப்பைக் கேட்டதும் சிரித்தார். “நாலு மணிலேருந்தா? நான் அதுக்கு முந்தியே எழுந்திரிச்சிடுவேனே, அதை எங்க எழுதுவீங்க?”

அடுத்து என் மனைவியின் நாள். காலை பத்தரையிலிருந்து பதினொன்று: கொத்தனாருக்கு டீ, அடுப்பில் சோறு, பிளம்பருக்குக் குழாய் உயரம் சொன்னது. ஒரே அரை மணியில் பல வேலை நடந்தால் முக்கியமான மூன்றை எழுதலாம் என்பது விதி. நாலாவதாக அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தது இருந்தது. அதற்கு இடமில்லை. அதே கட்டத்தில் என் தாளில் ஒரே ஒரு பதிவு.

“வீட்டு நிர்வாகம்னு போடு” என்றேன். அப்படி ஒரு எண் உண்மையாகவே இருக்கிறது: 352. வரவு செலவு பார்ப்பது, திட்டமிடுவது, வீட்டு வேலைகளை ஒழுங்கு செய்வது. என்னைப் பார்த்துப் பார்த்து ஐ.நா. சபையில் யாரோ எழுதிய மாதிரி இருந்தது. காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை எட்டுக் கட்டத்திலும் 352 போடச் சொன்னேன்.

“நீங்க திட்டம் போடலப்பா. போட்ட திட்டத்தைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க.”

“அதுக்கு என்ன எண்?”

“எட்டாம் பிரிவு. பண்பாடு, ஓய்வு, ஊடகம், விளையாட்டு.”

நான் எளிதில் தோற்பவன் அல்ல. முடிவுகளை எடு என்றேன். 2019-இல் கூலியில்லாத வீட்டு வேலையில் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். இரண்டாம் கணக்கெடுப்பு 2024-இல் நடந்து 2025 பிப்ரவரியில் வெளிவந்தது: பெண்கள் 289, ஆண்கள் 88. பெண்களுக்கு ஐந்து வருஷத்தில் பத்து நிமிடம் மிச்சம். அதை ஆண்கள் எடுத்துச் செய்திருப்பார்கள் என்று பார்த்தால், அவர்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டிருக்கிறார்கள். “சரி, சராசரி ஆம்பளை 88 நிமிஷம் செய்றான். நான் அவனுக்குக் குறைஞ்சவனா?” என்றேன்.

அதற்கு அவள் சொன்னதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அந்தச் சராசரி, வீட்டு வேலை செய்த ஆண்களுக்குள் எடுத்த சராசரியாம். கையே வைக்காதவன் அந்தக் கணக்குக்குள் வரமாட்டானாம். 2019-இல் ஏதாவது செய்தவர்கள் ஆண்களில் 26.1 சதவீதம், பெண்களில் 81.2 சதவீதம். எல்லா ஆண்களையும் சேர்த்துப் பரப்பினால் 97 நிமிடம் சுமார் 25 நிமிடமாகத் தேய்கிறது. பெண்களுக்கு அதே மாதிரி பரப்பினாலும் நாலு மணி நேரத்துக்கு மேல் நிற்கிறது. “யாரை வச்சு வகுக்கிறோம்கிறதுதான்பா புள்ளியியல்ல பாதி. நீங்க 88-க்குக் குறைவும் இல்ல, கூடவும் இல்ல. நீங்க அதுலயே இல்ல.”

நாட்டின் ஆண்களில் முக்கால்வாசிப் பேரோடு நானும் வகுக்கும் எண்ணுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். கூட்டம் அதிகம் என்பதால் தனிமை தெரியவில்லை.

இந்த 299, 97 எண்கள் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் வந்திருக்கின்றன. விபத்தில் இறந்த ஓர் இல்லத்தரசிக்கு எவ்வளவு வருமானம் என்று கணக்கிடுவது என்ற கேள்வியில், 2021 ஜனவரியில், நீதிபதி என்.வி. ரமணா தம் தீர்ப்பில் இவற்றை எடுத்துக் காட்டினார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டு வேலையே தங்கள் முக்கிய வேலை என்று சொன்ன பெண்கள் ஏறக்குறைய 16 கோடி, ஆண்கள் 58 லட்சத்துக்கும் குறைவு என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போயிற்று: கணவன் சம்பாதித்து வாங்கிய சொத்தில், வீட்டைக் கவனித்துக்கொண்ட மனைவிக்கும் சம பங்கு உண்டு. மகள் இதை உரக்கப் படித்தபோது நான் என் மனைவியின் முகத்தைக் கொஞ்சம் கவலையோடு கவனித்தேன். அவள், “சொத்த அப்புறம் பாதி பண்ணிக்கலாம். இப்ப கொத்தனாரு குடிச்ச டம்ளரெல்லாம் திண்ணைல கிடக்குது பாருங்க, பாதிய நீங்க எடுத்துட்டு வாங்க” என்றாள். 313, பாத்திரம் கழுவி ஒழுங்கு செய்தல். என் தாளில் விழுந்த முதல் மூன்றாம்பிரிவு, அதாவது வீட்டு வேலை, எண்.

வீராணம் ஏரி முதலாம் பராந்தகன் காலத்தது, பத்தாம் நூற்றாண்டு. அந்தக் கரையை எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன். மண் வெட்டினவர்களுக்கு உச்சிவேளையில் கூழ் ஊற்றியது யார் என்ற கேள்வி ஒரு தடவையும் எனக்கு வந்ததில்லை. சோழர்களிடம் படிவம் இல்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

ஃபைலில் கடைசி ஆயுதம் ஒன்று மிச்சமிருந்தது: பொறுப்புக் கட்டம். ஒவ்வொரு வேலைக்கும் செய்பவர் யார், பதில் சொல்ல வேண்டியவர் யார், யாரைக் கலந்து பேச வேண்டும், யாருக்குத் தகவல் சொன்னால் போதும் என்று நாலு நெடுவரிசை. எல்லா வேலைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டு மேஸ்திரியிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, மரியாதையானவர், ஒன்றும் சொல்லவில்லை. போனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டு, “அக்கா, சார் ஒரு பேப்பர் குடுக்கிறாரு. வாங்கிக்கட்டுங்களா?” என்று கேட்டார். அவள் அப்போது சமையலறையில்தான் இருந்தாள். அன்றிலிருந்து நான் நாலாவது நெடுவரிசையில் வசிக்கிறேன். அங்கேயும் சாப்பாட்டு வேளையில்தான் தகவல் வரும்.

குளியலறை ஒருவழியாக முடிந்தது. அம்மா கம்பியைப் பிடித்து எழுந்து பார்த்து, உயரம் சரியாக இருக்கிறது என்று மருமகளைப் பாராட்டினார். திட்டம் முடிந்தால் நிறைவு அறிக்கை எழுத வேண்டும் என்பது முறை. உண்மையில் எந்த வேலை எந்தத் தேதியில் நடந்தது என்று பார்க்க என் சார்ட்டுக்குப் போனேன். அது இரண்டாவது பட்டையிலேயே நின்றுபோயிருந்தது. வேறு வழியில்லாமல் பக்கத்திலிருந்த மளிகைக் கடைக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

எல்லாம் அதில் இருந்தது. பென்சிலில், பொடிப்பொடியாக. ‘பால் 1½.’ ‘கேஸ் புக்.’ ‘மேஸ்திரி 5000 - டைல்ஸ் முடிஞ்சா மீதி.’ ‘சித்தாள் பொண்ணுக்கு ஜுரம், ரெண்டு நாள் தங்கச்சி வரும்.’ ‘சுவத்துக்குத் தண்ணி காலை/சாயங்காலம்.’ ‘அத்தை குளிக்க - பக்கத்து வீடு, பத்து மணிக்குள்ள.’ ‘கரண்ட் கட், எலக்ட்ரீஷியனை வேணாம்னு சொல்லணும்.’ எந்த வேலைக்கு முன்னால் எது முடிய வேண்டும் என்று சின்னச் சின்ன அம்புக்குறிகள்கூட இருந்தன. டூபாண்ட்காரர்கள் பார்த்திருந்தால் அவளையே வேலைக்கு வைத்துக்கொண்டிருப்பார்கள்.

டைல்ஸ் வந்து இறங்கிய வியாழக்கிழமைக் கட்டத்தில் கண் நின்றது. ‘டைல்ஸ் வருது. இவரை விருத்தாசலம் அனுப்பணும்.’

பின்னோக்கிப் புரட்டினேன். ‘பிளம்பர் முழு நாள். இவர் - விருத்தாசலம்.’ ‘பூச்சு. இவர் - விருத்தாசலம்.’ வாட்டர் ப்ரூஃப் அடித்த அன்று, அது நுணுக்கமான வேலை என்பதால், ‘இவர் - விருத்தாசலம், கோயிலும்’ என்று கூடுதல் நேரம் ஒதுக்கப்பட்டிருந்தது.

மகளிடம் காட்டி, இதற்குப் பெயர் என்ன என்று கேட்டேன். “உங்க ஃபைல்லயே இருக்கேப்பா. ஆபத்துப் பதிவேடு” என்றாள்.

மழைக்காலம் முடிந்ததும் மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்க வேண்டும் என்று போன வாரம் பேச்சு வந்தது. பெரிய வேலை, செலவும் அதிகம். இந்த முறை சார்ட் எதுவும் போடுவதாக இல்லை என்று நானே முன்வந்து அறிவித்தேன். “ரொம்ப நல்லதுங்க” என்று மனைவி பென்சிலோடு காலண்டருக்கு முன்னால் போய் நின்று, தை மாதக் கட்டங்களை எண்ணிப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“விருத்தாசலத்துல இனிமே வாங்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சிதம்பரத்துல உங்களுக்கு ஏதாச்சும் வேலை இருக்குமா?”